சிங்கப்பூரில் குடியேறப் போகிறவருக்கு: அக்கம்பக்கம் பழகும் விதம்

உங்கள் கேள்வி இது: கணவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வேலை அனுமதி) கிடைத்து முன்னால் போய்விட்டார். ஐந்து வயது மகனோடு நீங்கள் திருச்சியிலிருந்து கிளம்பத் தயாராகிறீர்கள். "அங்கே எங்கே பார்த்தாலும் தமிழ்தான் என்கிறார்கள், பழக்கவழக்கம் என்று புதிதாக ஏதாவது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா? எதற்கெடுத்தாலும் அபராதமாமே? நம் சமையல் வாசனைக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், ஊரிலிருந்து என்னென்ன எடுத்து வரலாம் என்றும்.

அபராதத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதான் சுலபம். ரயிலிலும் பஸ்ஸிலும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ரயிலில் மாட்டினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். சூயிங்கம் விற்பனைக்கு 1992லிருந்து தடை. மின்சிகரெட் வைத்திருந்தாலே குற்றம். போதைப்பொருள் விஷயத்தில் மன்னிப்பே கிடையாது, மரண தண்டனை வரை போகும் சட்டம். இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. 2013இல் லிட்டில் இந்தியா என்ற இந்தியக் கடைவீதிப் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015இல் வந்த சட்டம் இது. லிட்டில் இந்தியா பகுதியில் வார இறுதிகளில் இன்னும் கண்டிப்பு. பட்டாசு 1972லிருந்து தடை, தீபாவளி உட்பட. வெளிநாட்டவர் அனுமதி இல்லாமல் ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்று கூடக் கூடாது, அது நம் ஊர் அரசியலுக்காக இருந்தாலும் சரி. இனத்தையோ மதத்தையோ கேலி செய்யும் வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பினால் வழக்கு வரைக்கும் போகலாம். இவ்வளவுதான். ஒரு வாரத்தில் பழகிவிடும், அப்புறம் அபராதம் என்ற நினைப்பே வராது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. விமான நிலையப் பலகையில் தமிழ், ரயில் அறிவிப்பில் தமிழ், வெள்ளி நோட்டில்கூட 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் இறங்கினால் வாழை இலையும் மல்லிகைச் சரமும். இதைப் பார்த்ததும் மனசு 'நம்ம ஊருதான்' என்று இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அக்கம்பக்கத்தைக் கூர்ந்து பார்க்கிறார்கள். இங்கே வருகிற நம்மவர்கள் பார்ப்பதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியுரிமை, நிரந்தரவாசம் பெற்றவர்களில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. அந்த ஒன்பதில் ஒரு பகுதிதான் தமிழர்கள். நீங்கள் வாழப்போவது சீனர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஓர் ஊரில்.

அதுவும் ஒதுங்கி வாழ முடியாதபடி ஏற்பாடு செய்யப்பட்ட ஊர். இங்கே பெரும்பாலானவர்கள் அரசாங்கம் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் வீடு வாங்க முடியாது என்று 1989இலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். அதனால் தமிழர் தெரு என்று ஒன்று உருவாகவே வழியில்லை. லிட்டில் இந்தியா கடைவீதி, அவ்வளவுதான். அங்கே போய் மளிகை வாங்கிக்கொண்டு தோ பாயோவிலோ ஈசூனிலோ பொங்கோலிலோ உள்ள வீட்டுக்குத் திரும்ப வேண்டும். உங்கள் இடப்பக்கக் கதவில் சீனப் பாட்டியும், வலப்பக்கக் கதவில் மலாய்க் குடும்பமும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இனி சமையல் வாசனை. 2011 ஆகஸ்ட்டில் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை தாங்கவில்லை. விவகாரம் சமூக சமரச நிலையம் வரை போய், சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இந்தியக் குடும்பம் குழம்பு வைப்பது, பதிலுக்குச் சீனக் குடும்பம் ஒரு தடவையாவது அந்தக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானதாம். அது நடந்து சில வருஷம் கழித்துத்தான் செய்தி வெளியே வந்தது. வந்ததும் ஊரே கொந்தளித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லார் வீட்டிலும் குழம்பு வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு போய், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். உள்ளூர்ச் சீனர்களும் மலாய்க்காரர்களும் சேர்ந்தே அடுப்பு மூட்டினார்கள். ஆகவே தைரியமாகத் தாளியுங்கள். இந்த ஊருக்குக் குழம்பு வாசனை அந்நியமல்ல.

ஆனால் வீட்டுக்காரர் விஷயம் வேறு. வாடகைக்கு வீடு தேடும்போது ஏஜென்ட் முதலில் கேட்பது, "இந்தியரா? நிறைய சமைப்பீர்களா?" என்பதுதான். எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இது பிடிக்காத வழக்கம். அந்தக் கேள்வியில் பாதி வெறும் இன ஒதுக்கல். மீதிப் பாதி எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும். முதல் பாதியை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இரண்டாவது பாதி உங்கள் கையில் இருக்கிறது. அடுப்புக்கு மேல் உள்ள புகைபோக்கியின் வலையை அடிக்கடி கழற்றிக் கழுவுங்கள், வெள்ளைக் கல் மேடையில் மஞ்சள் பட்டால் உடனே துடையுங்கள். ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். வீட்டைக் காலி செய்யும்போது முன்பணம் முழுசாகத் திரும்புவது இந்த மூன்றில்தான் இருக்கிறது. குடிபுகும் அன்றைக்கே சுவர், தரை, அலமாரி, குளியலறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதை நம்முடையதல்ல. செருப்பு அலமாரி, சைக்கிள், துளசித் தொட்டி வைக்கலாம், ஆனால் ஆள் நடக்கத் தாராளமாக வழி விட்டிருக்க வேண்டும். தீயணைப்புத் துறை கேட்பது 1.2 மீட்டர். தொட்டிக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கிக்காகக் கொசுப்புழு தேடி வீட்டுக்குள்ளேயே அதிகாரிகள் வருவார்கள், இருந்தால் அபராதம் உண்டு. புதுமனை புகும்போது பால் காய்ச்சுவது தாராளமாகச் செய்யலாம். வாசலில் பூசணிக்காய் உடைப்பது வேண்டாம். சாம்பிராணி போடுவதென்றால் கூரையைப் பாருங்கள். புதிய வீடுகளில் புகை அலாரம் இருக்கும், போட்ட வேகத்தில் அலறி மானத்தை வாங்கிவிடும். ஜன்னல் வழியாக எதையும் கீழே போடக் கூடாது, ஒரு எலுமிச்சைத் தோல்கூட. பத்து மாடியிலிருந்து விழும் சின்னப் பொருளும் ஆளைக் கொல்லும் என்பதால் இங்கே அதைப் பெருங்குற்றமாகப் பார்க்கிறார்கள். துணி உலர்த்தும்போது சொட்டுவதும் கீழ்வீட்டுக்காரருக்குப் பெரிய தொல்லை. நன்றாகப் பிழிந்து போட்டால் போதும்.

புளோக்கின் கீழ்த்தளத்தை வாய்ட் டெக் என்பார்கள். இந்த வாரம் அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும், அடுத்த வாரம் சீனர் வீட்டுச் சாவு. நீங்கள் லிஃப்டுக்குப் போகும் வழியே அதுவாக இருக்கும். உங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதுதான் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது.

மொய் எழுதுவதைப் பாருங்கள். நமக்கு 101, 501 என்று ஒன்று சேர்த்து வைத்தால்தான் மங்கலம். சீனர்களிடம் இது நேர் தலைகீழ்: கல்யாணத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இரட்டைப்படை, ஒற்றைப்படை சாவு வீட்டுக்கு. உங்கள் கணவர் அலுவலக நண்பரின் கல்யாணத்துக்கு நல்லெண்ணத்தோடு 101 வெள்ளி வைத்துக் கொடுத்தால் எதிரே இருப்பவர் முகம் சுருங்கிவிடும். நான்கும் ஆகாது, அந்த எண்ணின் உச்சரிப்பு சாவை நினைவூட்டும் என்பார்கள். கல்யாணத்துக்குச் சிவப்பு உறை, துக்கத்துக்கு வெள்ளை. கடிகாரம் பரிசளிக்காதீர்கள். புத்தாண்டுக்கு ஒருவர் வீட்டுக்குப் போனால் இரண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்துப் போய் இரண்டு கையாலும் கொடுங்கள். அவர்களும் திரும்பும்போது இரண்டு தருவார்கள். உங்கள் மகனுக்கு அங்பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறை, நிறையக் கிடைக்கும். இரண்டு கையால் வாங்கு, கொடுத்தவர் முன்னால் பிரிக்காதே என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போங்கள். கல்யாணமானவர்கள் மற்றவர் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். நீங்களும் சின்னத் தொகை வைத்துச் சில உறைகள் கைப்பையில் வைத்திருங்கள்.

துக்க வீட்டில் சடங்குக்குப் பயப்பட வேண்டாம். சவப்பெட்டி முன் ஒரு நிமிஷம் தலை குனிந்து நின்றாலே போதும். மேசையில் வேர்க்கடலையும் பொட்டல பானமும் இருக்கும், உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. சில இடங்களில் சிவப்பு நூல் தருவார்கள். வாங்கி விரலில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிட வேண்டும். துக்க வீட்டுக்குப் போய் வந்து குளிக்கிற நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கிளம்பும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள், சும்மா எழுந்து வந்துவிடலாம்.

மலாய்க் கல்யாணத்துக்கு அழைப்பில் உள்ள நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போய்ச் சாப்பிட்டு, வீட்டுப் பெரியவரிடம் கைகுலுக்கும்போதே உறையைக் கொடுத்துவிட்டு வரலாம். மலாய்ப் பெண்ணிடம் ஆண்களும், மலாய் ஆணிடம் பெண்களும் முதலில் கை நீட்ட வேண்டாம், அவர்கள் நீட்டினால் குலுக்கலாம். பக்கத்து மலாய் அக்கா உங்கள் வீட்டில் சாப்பிடத் தயங்கினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாத்திரம் ஹலால் இல்லையே என்ற தயக்கம் அது. பழமோ, ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்கிய கேக்கோ கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுப் பலகாரம் உங்கள் கதவைத் தட்டும். தீபாவளிக்கு முறுக்கு டப்பா போக வேண்டியது உங்கள் முறை. பட்டாசு இல்லாத தீபாவளி என்று முதல் வருஷம் வெறுமையாக இருக்கும், ஆனால் இங்கே தீபாவளி என்பது சீன, மலாய் நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது. அதில் இறங்கிவிட்டால் பட்டாசு நினைவே வராது.

சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்ட்டை ஒட்டி வரும். முன்னோர்களுக்கும் அலையும் ஆவிகளுக்கும் படையல் போடும் மாதம். புல்தரையில் ஊதுபத்தி, பழம், சோறு வைத்திருப்பார்கள், காகிதப் பணத்தைத் தொட்டிகளில் எரிப்பார்கள், சாம்பல் உங்கள் துணி வரை பறந்து வரும். முகம் சுளிக்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். மகனைப் படையலை மிதிக்கவோ உதைக்கவோ விடாதீர்கள். கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடை போட்டால் பார்க்கப் போகலாம். முன்வரிசை காலியாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆவிகளுக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயிலும், சீனர்கள் கும்பிடும் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் நம் கோயில் வாசலிலும் ஊதுபத்தியை உயர்த்திப் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். குவான் யின் பக்தர்கள் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அரைமணி நேரம் நில்லுங்கள், நான் எழுதியதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

சாப்பாட்டுக் கடைகளுக்கு வருவோம். உணவங்காடி நிலையத்தில் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது மறந்துபோனது இல்லை, இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காராதீர்கள். முன்பின் தெரியாதவர் மேசையில் கேட்டுவிட்டு உட்காருவது இங்கே சாதாரணம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டு போய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு, பார்த்து வையுங்கள். கடைக்காரர் "காரம் போடவா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அவருக்கு ஆமாவா இல்லையா என்று தெரியாது, கரண்டியோடு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். வாயால் சொல்லுங்கள். அவர் "கேன்", "கேனாட்" என்று ஒற்றை வார்த்தையில் வெட்டிப் பேசுவது கோபத்தால் இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது. துப்புரவு செய்யும் பெரியவரையும் பஸ் ஓட்டுநரையும் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டால் உடனே முகம் மலரும்.

நீங்கள் சைவம் என்றால் கவனம். காய்கறிப் பொரியல் என்று வாங்குவதில் சிப்பிச் சாறும் இறால் விழுதும் இருக்கும். சீனர்களின் சைவக் கடையே தனியாக உண்டு. அங்கே பன்றி இறைச்சி மாதிரியே ஒன்று தொங்கும், அது கோதுமையும் சோயாவும்தான். டீ என்றால் கெட்டிப் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். சீனி வேண்டாம் என்றால் "கொசோங்", குறைவாக என்றால் "சியூ தாய்". தேக்காவில் தமிழ்க் கடை என்றால் "சீனி கம்மி" போதும்.

இப்போது கொஞ்சம் கூச்சமான விஷயம், உள்ளூர்த் தமிழர்கள். இங்கே மாரியம்மன் கோயில் எழுந்தது 1827இல். தமிழ் முரசு நாளிதழ் 1935லிருந்து வருகிறது. இவர்களில் பலர் நான்காவது, ஐந்தாவது தலைமுறை. பையன்கள் இரண்டு வருஷம் கட்டாய தேசிய சேவை (ராணுவம், போலீஸ் போன்றவற்றில்) செய்கிறார்கள். இவர்களிடம் போய், "நீங்க எந்த ஊரு?" என்று நாம் கேட்கிறோம். "சிங்கப்பூர்தான்" என்றால் விடாமல், "அது சரி, சொந்த ஊரு?" என்கிறோம். அதற்குப் பின்னால் ஜாதியை மோப்பம் பிடிக்கும் ஆசை இருப்பதை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். அவர்கள் தமிழில் ஆங்கிலமும் மலாயும் கலந்திருந்தால் திருத்தப் போகாதீர்கள். அமைச்சகத்தை அமைச்சு என்பார்கள், டாலரை வெள்ளி என்பார்கள். கொஞ்ச நாளில் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஏப்ரல் மாதம் வளர்தமிழ் இயக்கம் நடத்தும் தமிழ்மொழி விழாவுக்குப் போங்கள், நூலகங்களில் தமிழ்ப் புத்தகப் பகுதிக்குப் போங்கள். திருச்சிக்காரர்கள், மதுரைக்காரர்கள் என்று தனித்தனி வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, அவசரத்துக்கு உதவும். அதற்குள்ளேயே குடியிருந்துவிடாதீர்கள். கணவரின் சம்பளச் சீட்டில் 'சிண்டா' என்று சில வெள்ளி பிடித்திருப்பார்கள். இந்தியச் சமூகத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக 1991இல் தொடங்கிய அமைப்பு அது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம். என்னைக் கேட்டால் விலகாதீர்கள்.

உங்களுக்கென்று ஒன்று. டிபென்டன்ட் பாஸில், அதாவது வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில் வருகிறவர்கள் 2021 மே மாதத்திலிருந்து தனியாக வேலைப் பாஸ் இல்லாமல் இங்கே வேலைக்குப் போக முடியாது. இதைத் தெரியாமல் வந்து, வாரநாள் பகல் முழுக்க நாலு சுவருக்குள் உட்கார்ந்து சோர்ந்துபோகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். வீட்டுப் பக்கத்தில் சமூக மன்றம் இருக்கும், மலிவான கட்டணத்தில் வகுப்புகள் நடக்கும். சமையலோ சீன மொழியோ, எதிலாவது சேருங்கள். மகனைச் சாயங்காலம் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனால் அங்கேதான் அக்கம்பக்கம் உண்மையில் அறிமுகமாகும். அவனுக்கு உள்ளூர் தொடக்கப்பள்ளி வேண்டுமென்றால் இப்போதே யோசியுங்கள். குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறகுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம், அதுவும் நிச்சயமில்லை.

கடைசியாக, பெட்டி. கசகசாவை எடுத்துவிடுங்கள், பொட்டலமாகவும் வேண்டாம், அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாவுக்குள்ளும் வேண்டாம். அது இங்கே போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் பார்க்கும் விஷயம். மெல்லும் புகையிலை, பான் மசாலா, குட்கா வகை எதுவும் கூடாது, யாராவது உறவினருக்குக் கொடுத்துவிடச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, அப்பளம், ஊறுகாய், முருங்கைக்காய் எல்லாம் தேக்காவிலும் முஸ்தஃபா பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும், எடையை அதற்கு வீணாக்காதீர்கள். மருத்துவர் சீட்டோடு மாத்திரைகள், மகனின் தடுப்பூசி அட்டை, சான்றிதழ்களின் அசல், இவை கைப்பையில் இருக்கட்டும். மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டு வரலாம், மின்சாரம் 230 வோல்ட்தான், நம் ஊர் அளவே. ப்ளக் மட்டும் இங்கே சதுர முனை மூன்று, அதனால் நம் உருண்டை முனைக்குப் பொருந்தாது. அடாப்டர் இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கிரைண்டர் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு.